பேக்கேமன்: தனிக்காய் விடாமல் ஆடியும் ஏன் தோற்கிறேன்?

வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். வேலை காரணமாக ஓராண்டாக இஸ்தான்புல் நகரில் வசிக்கிறேன். இங்கே தேநீர்க் கடைகளில் மாலை நேரங்களில் தவ்லா என்ற பெயரில், இருவர் பகடை வீசிக் காய்களை நகர்த்தி வெளியேற்றும் பேக்கேமன் ஆடுகிறார்கள். என்னுடன் பணிபுரியும் துருக்கி நண்பர் ஒருவர் அதை எனக்குக் கற்றுக்கொடுத்தார். விதிகள் ஒரே மாலையில் பிடிபட்டுவிட்டன. ஆனால் ஆறு மாதங்கள் கழிந்த பின்னும் பத்து ஆட்டங்களில் மூன்றைக்கூட என்னால் வெல்ல முடியவில்லை.

நான் ஆடும் முறை இதுதான். எந்தக் காயையும் தனியே நிற்க விடுவதில்லை. தனிக்காய் வெட்டுப்பட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருப்பதால், எப்போதும் இரண்டு காய்களைச் சேர்த்தே வைக்கிறேன். நேற்றைய ஆட்டத்தில் எனக்கு முதல் வீச்சாக 4-3 விழுந்தது. 13ஆம் வீட்டிலிருந்து ஒரே காயை ஏழு இடம் நகர்த்தி 6ஆம் வீட்டில் சேர்த்தேன். பலகையில் எனக்கு ஒரு தனிக்காய்கூட இல்லை. ஆனால் நண்பர், "நீ ஆபத்தைத் தவிர்க்கவில்லை, தள்ளிப்போட்டிருக்கிறாய்" என்றார். அவர் சொன்னபடியே நடந்தது. சற்று நேரத்தில் என் காய்கள் எல்லாம் 6ஆம் வீட்டிலும் 8ஆம் வீட்டிலும் குவிந்துவிட்டன. எதிராளியின் பகுதியில் இருந்த என் இரண்டு காய்களும் வெளியே வர வழியின்றி அடைபட்டன. நான் எங்கே தவறுகிறேன் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டும்.

பகடைப்பித்தன்

உங்கள் நண்பர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அந்த 4-3 வீச்சை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று விரிவாகவே பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது.

புதிதாகப் படிப்பவர்களுக்காக முதலில் பலகையைச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 24 வீடுகள், ஒவ்வொருவருக்கும் 15 காய்கள். நம் காய்கள் வெளியேறும் பக்கத்திலிருந்து எண்ணினால், தொடக்கத்தில் 6ஆம் வீட்டில் ஐந்து, 8ஆம் வீட்டில் மூன்று, 13ஆம் வீட்டில் ஐந்து, 24ஆம் வீட்டில் இரண்டு (இவையே பின்காய்கள்) என நம் காய்கள் நிற்கும். எதிராளியின் பின்காய்கள் இரண்டும் நம் 1ஆம் வீட்டில் நிற்கும். ஒரு வீட்டில் நம் காய்கள் இரண்டோ அதற்கு மேலோ நின்றால், அது நாம் கட்டிய வீடு. எதிராளியால் அங்கே இறங்க முடியாது.

நீங்கள் செய்த நகர்வுக்குப் பின் 6ஆம் வீட்டில் ஆறு காய்கள் இருக்கின்றன. ஒரு வீட்டைக் காக்க இரண்டு காய்கள் போதும், வசதிக்கு மூன்று இருக்கலாம். எஞ்சியவை எதையும் காக்கவில்லை, எதையும் கட்டவும் இல்லை. பேக்கேமனில் வீண் என்பது இதுதான்.

அதே 4-3 வீச்சில் 13ஆம் வீட்டிலிருந்து இரண்டு காய்களை இறக்கி, ஒன்றை 10இலும் மற்றொன்றை 9இலும் வைத்திருக்கலாம். இரண்டுமே தனிக்காய்கள் என்பதால் உங்களுக்கு அச்சமாக இருக்கும். ஆனால் அச்சத்தை எண்ணிப் பார்க்க முடியும். இரு பகடைகளும் சேர்ந்து விழக்கூடிய வகைகள் 36. எதிராளியின் பின்காயிலிருந்து உங்கள் 9ஆம் வீடு எட்டு இடம் தள்ளி இருக்கிறது. அதை வெட்டுவன 6-2, 5-3 ஆகியவை இரண்டிரண்டு வகைகள், 4-4, 2-2 ஆகியவை ஒவ்வொரு வகை (இரட்டை விழுந்தால் அந்த எண்ணை நான்கு முறை ஆடலாம்), ஆக ஆறு. 10ஆம் வீடு ஒன்பது இடம் தள்ளி இருக்கிறது. அதை வெட்டுவன 6-3, 5-4, 3-3, ஆக ஐந்து. கூட்டினால் 36இல் 11. அதாவது பத்தில் ஏழு முறை நீங்கள் வெட்டுப்படமாட்டீர்கள்.

வெட்டுப்பட்டால் என்ன இழப்பு? அந்தக் காய்கள் இன்னும் தொலைவு வரவில்லை. பதினைந்து அல்லது பதினாறு புள்ளிகள், அதாவது அத்தனை இடம் கடந்து வந்த தொலைவு, போகும். எதிராளி தன் உள்பகுதியில் (அவரது 1 முதல் 6 வரையிலான வீடுகளில்) 6ஆம் வீட்டை மட்டுமே கட்டியிருப்பதால், 6-6 தவிர வேறு எது விழுந்தாலும் நீங்கள் மீண்டும் உள்ளே வந்துவிடலாம். வெட்டுப்படாவிட்டால் கிடைப்பதைப் பாருங்கள். 10, 9, 8, 6 ஆகிய நான்கு இடங்களிலிருந்தும் காய்கள் 5ஆம் வீட்டைக் குறிபார்க்கின்றன. அடுத்த வீச்சில் 3-1, 4-1, 5-1, 4-3, 5-3, 5-4 ஆகியவற்றில் எது விழுந்தாலும் அந்த வீட்டைக் கட்டிவிடலாம். தொடக்க ஆட்டத்தில் பலகையிலேயே மதிப்புமிக்க வீடு அதுதான். நீங்கள் 6ஆம் வீட்டில் அடுக்கியபோது விட்டுக்கொடுத்தது இந்த வாய்ப்புகளைத்தான்.

பின்காய் ஒன்றை 24இலிருந்து 20க்கு நகர்த்தி, 13இலிருந்து ஒன்றை 10க்கு இறக்குவதும் இதற்கு இணையான நல்ல நகர்வு. அதை ஆடுபவர்களே மிகுதி. ஆனால் 6ஆம் வீட்டில் ஆறாவது காயை அடுக்குவதை இனிச் செய்யாதீர்கள்.

தாயம்பன்னிரண்டு

வைகைக்கரை அவர்களின் அச்சம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது, ஏனென்றால் நானும் அதே அச்சத்தோடுதான் இந்த ஆட்டத்துக்கு வந்தேன். நாம் சிறு வயதில் திண்ணையில் தாயம் ஆடி வளர்ந்தவர்கள். அதில் வெட்டுப்பட்ட காய் மீண்டும் இறங்கத் தாயம் விழ வேண்டும். தாயம் விழாமல் ஒரு பகல் முழுவதும் காத்திருந்த நாட்கள் உண்டு. மலையில் நிற்கும் காய்க்கு மட்டுமே பாதுகாப்பு. ஆகவே வெட்டுப்படுவது பேரிழப்பு என்பது நம் கையிலேயே பதிந்துவிட்டது.

பேக்கேமனில் வெட்டின் விலை நிலையானதல்ல என்பதை உணர எனக்கு வெகுகாலம் ஆயிற்று. எதிராளி எத்தனை வீடுகளைக் கட்டியிருக்கிறார் என்பதைப் பொறுத்து அந்த விலை ஏறும், இறங்கும். இதற்கான கணக்கை எண்கணிதா அவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். முன்பு ஓர் இழையில் மிகத் தெளிவாக எழுதியிருந்தார்கள்.

எண்கணிதா

நன்றி, ஐயா. கணக்கு எளிமையானதுதான்.

வெட்டுப்பட்ட காய் எதிராளியின் உள்பகுதியில் உள்ள ஆறு வீடுகளில், கட்டப்படாத ஒன்றில் இறங்க வேண்டும். அவர் இரண்டு வீடுகளைக் கட்டியிருந்தால், இரு பகடைகளும் அந்த எண்களிலேயே விழுந்தால்தான் நாம் வெளியே நிற்போம். அது 36இல் 4. ஆகவே உள்ளே வரும் வாய்ப்பு 36இல் 32. மூன்று வீடுகள் கட்டியிருந்தால் 27, நான்கானால் 20, ஐந்தானால் 11 மட்டுமே. மூன்றிலிருந்து நான்குக்கும், நான்கிலிருந்து ஐந்துக்கும் போகும்போது வாய்ப்பு எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்பதைக் கவனியுங்கள். எதிராளி ஒரு வீடோ இரண்டு வீடுகளோ கட்டியிருக்கும் வரை துணிந்து ஆடலாம். நான்கு கட்டியபின் தனிக்காய் விடுவதற்கு முன் இருமுறை எண்ண வேண்டும். நீங்கள் ஆறு மாதங்களாகக் கடைப்பிடிக்கும் எச்சரிக்கை தவறானதல்ல, வைகைக்கரை அவர்களே. அதை ஆட்டத்தின் முதல் பத்து நிமிடங்களிலேயே செலவழித்துவிடுகிறீர்கள்.

மற்றொரு கணக்கு, தனிக்காயை எத்தனை இடம் தள்ளி வைப்பது என்பது. எதிராளியின் காய்க்கும் நம் தனிக்காய்க்கும் இடையில் தடை ஏதும் இல்லை என்று கொண்டால், ஓர் இடம் தள்ளி இருக்கும் காயை வெட்டும் வகைகள் 11; இரண்டு இடத்துக்கு 12, மூன்றுக்கு 14, நான்குக்கும் ஐந்துக்கும் 15, ஆறுக்கு 17. ஏழு இடம் தள்ளிவிட்டால் திடீரென்று 6 ஆகக் குறைந்துவிடும், ஏனென்றால் அதன் பின் ஒற்றைப் பகடையால் வெட்ட முடியாது. இரண்டும் சேர்ந்தே பொருந்த வேண்டும். எட்டுக்கு 6, ஒன்பதுக்கு 5, பத்துக்கு 3. ஆறு இடத்துக்கும் ஏழு இடத்துக்கும் இடையில் ஒரே ஓர் அடிதான், ஆனால் ஆபத்து மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. என் வகுப்பு மாணவர்களுக்கு நிகழ்தகவு நடத்தும்போது இந்தச் சரிவைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். அன்று முழுவதும் அவர்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள்.

எனவே தனிக்காய் விட நேர்ந்தால் முடிந்தவரை ஆறு இடத்துக்கு அப்பால் விடுங்கள். அது இயலாதபோது மிக நெருங்கி நிற்பது நடுவில் நிற்பதைவிடப் பெரும்பாலும் நல்லது.

செந்நெல்

இத்தனை எண்களையும் ஒரே நாளில் கற்பது தொடக்கநிலையில் இருப்பவருக்குச் சுமையாகிவிடும் என்பது என் கருத்து. நான் கற்றபோது ஐந்து தொடக்க வீச்சுகளை மட்டும் மனப்பாடம் செய்தேன். அவையே என் ஆட்டத்தைப் பாதி திருத்திவிட்டன. 3-1 விழுந்தால் 8இலிருந்தும் 6இலிருந்தும் ஒவ்வொரு காயை நகர்த்தி 5ஆம் வீட்டைக் கட்ட வேண்டும். 4-2 விழுந்தால் அதே போல 4ஆம் வீடு, 5-3 விழுந்தால் 3ஆம் வீடு. 6-1 விழுந்தால் 13இலிருந்தும் 8இலிருந்தும் 7ஆம் வீடு. 6-5 விழுந்தால் ஒரு பின்காயை 24இலிருந்து 13க்கு ஒரே ஓட்டமாகக் கொண்டுவந்துவிட வேண்டும். இவற்றில் கருத்து வேறுபாடே கிடையாது. முதலில் இவற்றைக் கையில் பழக்குங்கள். பிறகு கணக்குக்கு வரலாம்.

பகடைப்பித்தன்

செந்நெல் அவர்கள் சொன்ன ஐந்தையும் மனப்பாடம் செய்வது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் மனப்பாடம் இரண்டாவது வீச்சோடு தீர்ந்துவிடும். மூன்றாவது வீச்சில் பலகை எப்படி இருக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அங்கே கைகொடுப்பது எண்ணும் பழக்கம் மட்டுமே. ஆகவே இரண்டையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கற்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

வைகைக்கரை அவர்கள் சொன்ன இரண்டாவது துன்பத்தை, அதாவது பின்காய்கள் அடைபட்டதை, இன்னும் யாரும் தொடவில்லை. 6-1 வீச்சில் 7ஆம் வீட்டைக் கட்டுகிறோமே, அது ஏன் இவ்வளவு உயர்ந்த நகர்வு? 6, 7, 8 என மூன்று வீடுகள் இடைவெளியின்றி வரிசையாக நின்றுவிடுகின்றன. இந்த வரிசை நான்காகவும் ஐந்தாகவும் வளர்ந்தால் அது மதில். ஆறு வீடுகள் இடைவெளியின்றிச் சேர்ந்துவிட்டால், பகடையில் எந்த எண் விழுந்தாலும் எதிராளியால் அதைத் தாண்ட முடியாது. நீங்களாக உடைக்கும் வரை அவர் காய் உள்ளேயே கிடக்கும். உங்களுக்கு நேர்ந்தது இதுதான். நீங்கள் 6ஆம் வீட்டில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, எதிராளி மதில் எழுப்பிக்கொண்டிருந்தார்.

இதற்கு மாற்று, மதில் எழுவதற்கு முன்பே பின்காய்களை அசைப்பது. எதிராளியின் உள்பகுதியில் முன்னேறிய ஒரு வீட்டை, குறிப்பாக நம் எண்ணிக்கையில் 20ஆம் வீட்டை, நம் இரு காய்களாலும் கட்டிவிட்டால் அது நங்கூரம். அது எதிராளியின் 5ஆம் வீடு. அவருக்கு மிகவும் தேவைப்பட்ட இடம். நங்கூரம் இட்டபின் நீங்கள் வேறிடத்தில் வெட்டுப்பட்டாலும் இறங்க ஓர் இடம் எப்போதும் இருக்கும். துணிவான ஆட்டத்துக்கு அடித்தளமே அதுதான்.

ஓடுவதா, காத்திருப்பதா என்ற ஐயம் எழும்போது இருவரின் மீதித் தொலைவையும் கூட்டிப் பாருங்கள். தொடக்கத்தில் இருவருக்கும் 167 புள்ளிகள். ஒரு வீச்சின் சராசரி எட்டுப் புள்ளிகளுக்குச் சற்று மேல். நீங்கள் முன்னே இருந்தால் மோதலைக் குறைத்து ஓட வேண்டும். பின்னே இருந்தால் நங்கூரத்தை விடாமல் காத்திருந்து, அவர் தனிக்காய் விடும் தருணத்துக்காகக் குறிபார்க்க வேண்டும்.

வைகைக்கரை

மிக்க நன்றி. இந்த வாரம் இதன்படியே ஆடினேன். தொடக்கத்தில் கை நடுங்கியது உண்மை. ஆனால் 5ஆம் வீடு அமைந்த ஆட்டங்களில் என் காய்கள் மூச்சுவிட்டன என்றே சொல்ல வேண்டும். இங்கே கட்டிய வீட்டைக் கப்பி, அதாவது கதவு, என்று சொல்கிறார்கள். அந்தச் சொல்லின் பொருள் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. பகடை எண்களைப் பாரசீகச் சொற்களால் அழைப்பதும் ஓரளவு பழகிவிட்டது. இரண்டு ஆறுகள் விழுந்தால் தூஷேஷ் என்று கடையே ஒலிக்கும்படி கூவுகிறார்கள்.

ஆனால் ஒரு மனக்குறை. நேற்று மூன்று ஆட்டங்களில் சரியாக எண்ணி, சரியாக வைத்தும், 36இல் 11 மட்டுமே உள்ள வெட்டு மூன்று முறையும் விழுந்தது. பகடை இப்படி இருக்கும்போது உத்தி என்பதற்கு என்ன பொருள்? மேலும், இணையத்தில் ஆடும்போது இரட்டிப்புப் பகடை என்று ஒன்று வருகிறது. நான் போகும் கடையில் அது இல்லை. எதிராளி ஒரு காயையும் வெளியேற்றுவதற்கு முன் வென்றால் மார்ஸ் என்று இரண்டு ஆட்டமாகக் கணக்கிடுவது மட்டுமே உண்டு. இரட்டிப்பை எப்போது ஏற்பது?

பகடைப்பித்தன்

முதல் கேள்விக்கு வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1979இல் மான்டி கார்லோ நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் பெர்லினர் எழுதிய கணினி நிரல் ஒன்று, அப்போதைய உலக வாகையர் லூயிஜி வில்லாவை 7-1 என்ற கணக்கில் வென்றது. உலகமே வியந்தது. ஆனால் பெர்லினர் பின்னர் அந்த ஆட்டங்களை நகர்வு நகர்வாக ஆராய்ந்து, வில்லாவே குறைவான பிழைகளோடு ஆடினார் என்றும், பகடை நிரலுக்குச் சாதகமாக விழுந்தது என்றும் தாமே எழுதினார். வென்றவரே அப்படி எழுதியதை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு மாலையின் முடிவை வைத்து நகர்வின் தரத்தை அளக்க இயலாது. உங்கள் மூன்று ஆட்டங்களிலும் நகர்வு சரி. வீச்சு மட்டுமே எதிராக விழுந்தது.

அளப்பதற்கு இப்போது நல்ல வழி இருக்கிறது. குனூ பேக்கேமன் என்ற இலவச நிரலில் உங்கள் ஆட்டத்தைப் பதிந்தால், ஒவ்வொரு நகர்வையும் மதிப்பிட்டுக் காட்டும். 1992இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஜெரால்டு டெசாரோ, தனக்குத்தானே ஆடிக் கற்கும் நிரல் ஒன்றை உருவாக்கினார். அது வந்த பின் வல்லுநர்களே தங்கள் தொடக்க நகர்வுகளை மாற்றிக்கொண்டார்கள். 4-1, 5-1 ஆகிய வீச்சுகளில் ஒற்றைப் புள்ளியைக் கொண்டு 5ஆம் வீட்டில் தனிக்காய் வைப்பது அதுவரை வழக்கமாக இருந்தது. அந்தக் காய் நான்கு இடம் தள்ளி நிற்பதால் 36இல் 15 வகைகள் அதை வெட்டும். வெட்டுப்பட்டால் 20 புள்ளிகள் போகும். நிரலோ அந்த ஒன்றைக் கொண்டு பின்காயை 24இலிருந்து 23க்கு நகர்த்தியது. இன்று அனைவரும் அப்படித்தான் ஆடுகிறார்கள். உலகத்தரத்தில் ஆடியவர்களே திருத்திக்கொண்டார்கள் என்பதை நினைத்தால் நாமும் மனம் தளராமல் திருத்திக்கொள்ளலாம்.

எண்கணிதா

இரட்டிப்பைப் பற்றி. எதிராளி பந்தயத்தை இரட்டித்துப் பகடையை உங்கள் முன் நீட்டுகிறார். மறுத்தால் அந்த ஆட்டத்தை ஒரு புள்ளி கொடுத்து இழப்பீர்கள். ஏற்றால் இரண்டு புள்ளிகளுக்கு ஆடுவீர்கள். அதே நிலை நான்கு முறை வருவதாகக் கொள்ளுங்கள். நான்கு முறையும் மறுத்தால் இழப்பு நான்கு. நான்கு முறையும் ஏற்று, ஒருமுறை வென்று மூன்று முறை தோற்றால், இரண்டு பெற்று ஆறு இழப்பீர்கள், அதுவும் நான்கே. ஆகவே நான்கில் ஒரு பங்குக்கு மேல் வெல்லும் வாய்ப்பு இருந்தால் ஏற்க வேண்டும். பின்தங்கியிருக்கிறோம் என்பதற்காகவே மறுப்பது தொடக்கநிலையில் பலரும் செய்யும் தவறு.

இரட்டிப்பையும் எண்ணிக்கையையும் சேர்த்து ஒரு கணக்குத் தருகிறேன். உங்களிடம் மூன்று காய்களே மீதம்: 6, 5, 3 ஆகிய வீடுகளில். எதிராளியிடம் ஒரே காய். அடுத்த முறை அது உறுதியாகப் பழமாகிவிடும். உங்களுக்கு 6-1 விழுகிறது. ஆறைக் கொண்டு 6ஆம் வீட்டுக் காயை வெளியேற்றிவிட்டீர்கள். ஒன்றை எங்கே ஆடுவீர்கள்? எதிராளியின் காய் எதிர்பாராத விதமாக ஒருமுறை காத்திருக்க நேர்ந்து, உங்களுக்கு ஒரே ஒரு வீச்சு கிடைக்கிறது என்று கொள்ளுங்கள். வீசுவதற்கு முன் நீங்கள் இரட்டிப்பீர்களா?

தாயம்பன்னிரண்டு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், அம்மா. ஒரே காய் மீதமிருப்பவர் ஏன் காத்திருக்க நேர்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

எண்கணிதா

சரியாகக் கேட்டீர்கள், ஐயா. நான் அந்த இடத்தைத் தெளிவாக எழுதவில்லை. எதிராளியிடம் இரண்டு காய்கள் 6ஆம் வீட்டில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 6-1 ஆடியபின் அவர் வீசி ஒன்றை மட்டும் வெளியேற்றுகிறார்; மற்றது 1ஆம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. இப்போது உங்கள் முறை. இம்முறை நீங்கள் முடிக்காவிட்டால் அவர் உறுதியாக முடித்துவிடுவார்.

வைகைக்கரை

இரவு உணவுக்குப் பின் தாளும் பேனாவுமாக அமர்ந்து 36 வகைகளையும் கட்டம் போட்டு எழுதினேன். முதலில் 5இல் உள்ள காயை 4க்கு இறக்கவே கை போயிற்று, ஏனென்றால் பெரிய எண்ணைக் குறைப்பதுதான் இயல்பாகத் தோன்றியது. அப்படி ஆடினால் 4, 3 ஆகிய வீடுகளில் காய்கள் நிற்கும்; இரண்டையும் ஒரே வீச்சில் வெளியேற்றும் வகைகள் 17. மாறாக 3இல் உள்ளதை 2க்கு இறக்கினால் 5, 2 என நிற்கும். மொத்தப் புள்ளிகள் இரண்டிலும் ஏழுதான். ஆனால் இதில் எனக்கு 18 வகைகள் வந்தன. இரு பகடைகளும் இரண்டுக்குக் குறையாமல், அவற்றில் ஒன்றாவது ஐந்தோ ஆறோ ஆக இருப்பவை 16. அவற்றோடு 4-4, 3-3. ஆகவே 3இலிருந்து 2க்கு ஆடுவதே சரி என்று முடிவு செய்தேன்.

இரட்டிப்பில்தான் தயங்குகிறேன். 36இல் 18 என்றால் சரிபாதி. இரட்டித்தாலும் இரட்டிக்காவிட்டாலும் ஒன்றுதானே?

எண்கணிதா

நகர்வு முற்றிலும் சரி. கட்டம் போட்டு எழுதியதைப் படித்தபோது மிகவும் மகிழ்ந்தேன். ஆனால் ஒரு வகை விடுபட்டிருக்கிறது. 2-2 விழுந்தால் நான்கு இரண்டுகள் கிடைக்கும். 5இலிருந்து 3க்கு, 3இலிருந்து 1க்கு, அங்கிருந்து வெளியே என மூன்று. 2ஆம் வீட்டுக் காய்க்கு நான்காவது. ஆக 19. சரிபாதியாக இருந்தது உங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. இது கடைசி வீச்சு என்பதால் இரட்டிக்க வேண்டும். எதிராளிக்கு 17 வகைகள் மீதமிருக்கின்றன, நான்கில் ஒரு பங்கைவிட மிகுதி. எனவே அவரும் ஏற்க வேண்டும். ஒன்றை மாற்றி ஆடி 4, 3 என நின்றிருந்தால் உங்களுக்கு 17தான், இரட்டிக்கவே கூடாது.

வைகைக்கரை

2-2! அந்தக் கட்டத்தில் 2-2 இருந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன், இப்போது பார்க்கிறேன். நாளை மாலை நண்பரிடம் இதே நிலையைப் பலகையில் வைத்து, ஒன்றை எங்கே ஆடுவார் என்று கேட்கப்போகிறேன்.